மன்னரின் பெயரால் வருபவர்: பிரித்தானியக் கவுண்டிகளின் லார்ட் லெப்டினன்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரித்தானியக் குடியுரிமை பெறும் விழாவுக்குச் சென்று வந்த பலர் வீட்டுக்குத் திரும்பியதும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "மேடையில் மேயருக்குப் பக்கத்தில் நின்று, மன்னரின் சார்பில் வரவேற்பதாகச் சொன்னாரே, அவர் யார்?" அவர் அந்தக் கவுண்டியின் லார்ட் லெப்டினன்ட் ஆகவோ, அவருடைய துணைவர்களில் ஒருவராகவோ இருப்பார். இந்தப் பதவியைப் பற்றித் தமிழில் தெளிவாக எழுதப்பட்டவை குறைவு என்பதால், பொதுவாக எழும் கேள்விகளை இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

லார்ட் லெப்டினன்ட் என்பவர் யார்?

ஐக்கிய இராச்சியத்தின் ஒவ்வொரு கவுண்டியிலும் மன்னரின் நேரடிப் பிரதிநிதியாக இருப்பவர். மன்னர் எல்லா ஊர்களுக்கும் போக முடியாது. அவர் போக முடியாத இடங்களில் அவர் பெயரால் பதக்கம் அணிவிப்பதும், மலர் வளையம் வைப்பதும், வரவேற்பதும், வாழ்த்துவதும் இவருடைய வேலை. அரசர் குடும்பத்தினர் அந்தக் கவுண்டிக்கு வரும்போது வாசலில் நின்று வரவேற்று, அங்கே காத்திருப்பவர்களை அறிமுகம் செய்து வைப்பவரும் இவரே. அரசாணை எதிலும் இவர் கையெழுத்திடுவதில்லை. வரி, காவல்துறை, பள்ளிக்கூடம், சாலை எதுவும் இவர் கையில் இல்லை.

பெயரில் 'லார்ட்' இருக்கிறதே, அவர் பிரபுவா? 'லெப்டினன்ட்' என்றால் படை அதிகாரியா?

இரண்டும் கட்டாயம் இல்லை. பிரபுக்கள் சிலர் இந்தப் பதவியில் இருந்திருக்கிறார்கள், இன்றும் இருக்கக்கூடும். ஆனால் தொழிலதிபர், ஓய்வுபெற்ற அதிகாரி, தொண்டு நிறுவனம் நடத்தியவர் என யாரும் நியமிக்கப்படலாம். 'லெப்டினன்ட்' என்ற சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. இன்னொருவருடைய இடத்தைத் தாங்கி நிற்பவர் என்பதே அதன் பொருள். படையில் தலைவனுடைய இடத்தில் நிற்பவனுக்கும், கவுண்டியில் மன்னருடைய இடத்தில் நிற்பவருக்கும் ஒரே சொல் அமைந்ததற்கு அதுவே காரணம். புதுச்சேரியின் 'துணைநிலை ஆளுநர்' என்ற தமிழாக்கத்துக்குப் பின்னால் இருப்பதும் இதே சொல்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1974 வரை சட்டப்படியான பெயர் வெறும் 'லெப்டினன்ட்'தான். 'லார்ட்' என்பது மக்கள் மரியாதைக்காக ஒட்ட வைத்த சொல். வழக்கில் ஊறிய பிறகு சட்டம் அதை ஏற்றுக்கொண்டது. பெண் ஒருவர் பதவிக்கு வந்தாலும் பட்டம் மாறுவதில்லை. அவரும் லார்ட் லெப்டினன்ட்தான்.

மொத்தம் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

98 பேர். இங்கிலாந்தில் 47, வேல்ஸில் 8, ஸ்காட்லாந்தில் 35, வட அயர்லாந்தில் 8. இதில் சில விதிவிலக்குகள் உண்டு. இலண்டனின் பழைய வணிக நகரமான சிட்டி ஆஃப் லண்டனுக்குத் தனி லார்ட் லெப்டினன்ட் கிடையாது; லார்ட் மேயர் தலைமையிலான ஒரு குழு அந்தக் கடமையை ஏற்றிருக்கிறது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ, கிளாஸ்கோ, அபர்டீன், டண்டீ ஆகிய நான்கு நகரங்களிலும் நகரத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்படும் லார்ட் புரோவோஸ்ட்டே பதவி வழியாக லார்ட் லெப்டினன்ட்டும் ஆகிவிடுகிறார்.

'கவுண்டி' என்ற சொல்லைக் கிரிக்கெட் வழியாக அறிந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கிரிக்கெட் கவுண்டி வேறு, உள்ளாட்சி மன்றத்தின் எல்லை வேறு, லார்ட் லெப்டினன்ட்டின் கவுண்டி வேறு. பின்னதை 1997ஆம் ஆண்டின் லெப்டினன்சிகள் சட்டம் வரையறுக்கிறது. 2021 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 41,000 பேர் மட்டுமே வாழும் ரட்லண்டுக்கும் ஒருவர்தான், ஏறத்தாழ 88 இலட்சம் பேர் வாழும் பெரு இலண்டனுக்கும் ஒருவர்தான்.

இந்தப் பதவி எப்படித் தோன்றியது?

போர்ப் பயத்தில் பிறந்த பதவி இது. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், எட்டாம் ஹென்றியின் கடைசி ஆண்டுகளிலும் அவருக்குப் பின் ஆறாம் எட்வர்டின் காலத்திலும், உள்நாட்டுக் கலகத்துக்கும் வெளிநாட்டுப் படையெடுப்புக்கும் அஞ்சிய அரசு, கவுண்டிகளில் ஆள் திரட்டுவதற்காகத் தற்காலிகமாக லெப்டினன்ட்டுகளை நியமித்தது. நிலையான படை என்ற ஒன்று அன்று இங்கிலாந்தில் இல்லை. ஒவ்வோர் ஊரிலும் வில்லும் ஈட்டியும் பிடிக்கத் தெரிந்த ஆண்களைப் பெயர் எழுதி, அணிவகுக்கச் செய்து, ஆயுதம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒருவர் வேண்டியிருந்தது. முதலாம் எலிசபெத்தின் ஆட்சியில், ஸ்பெயினின் கடற்படை 1588இல் வந்தே தீரும் என்ற நிலை உருவானபோது, தற்காலிக ஏற்பாடு நிரந்தரமாகத் தொடங்கியது. ஸ்காட்லாந்துக்கு இது நிலையாக வந்தது 1794இல், பிரெஞ்சுப் புரட்சிப் போரின்போது. அயர்லாந்தின் கவுண்டிகளுக்கு 1831இல்.

ஆள் திரட்டும் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரிடமே அந்தக் கவுண்டியின் அரசியலும் இருந்தது. ஆகவே மன்னர்கள் இந்தப் பதவியைத் தங்களுக்கு வேண்டியவர்களுக்கே கொடுத்தார்கள், வேண்டாதவர்களிடமிருந்து பிடுங்கினார்கள். இரண்டாம் ஜேம்ஸ் 1687இல் ஒரு காரியம் செய்தார். கத்தோலிக்கர்கள் அரச பதவி வகிப்பதைத் தடுத்த சட்டங்களை நீக்குவதற்கு ஆதரவு தருவீர்களா என்ற மூன்று கேள்விகளை, ஒவ்வொரு லார்ட் லெப்டினன்ட்டும் தன் கவுண்டியின் துணை லெப்டினன்ட்டுகளிடமும் நீதிபதிகளிடமும் கேட்டு, பதிலை எழுதி அனுப்ப வேண்டும் என்றார். பலர் கேட்கவே மறுத்துவிட்டார்கள். மறுத்தவர்கள் பதவி இழந்தார்கள். கவுண்டிகளில் செல்வாக்குள்ள குடும்பங்களை அந்நியமாக்கிய மன்னர் அடுத்த ஆண்டே நாட்டைவிட்டு ஓட வேண்டி வந்தது.

இன்னொரு நிகழ்வு 1819இல் நடந்தது. மான்செஸ்டரில் வாக்குரிமை கேட்டுக் கூடிய மக்கள்மீது குதிரைப்படையை ஏவியதில் குறைந்தது 15 பேர் இறந்தார்கள். பீட்டர்லூ படுகொலை என்பது அதன் பெயர். அதைப் பற்றி விசாரணை வேண்டும் என்று குரல் கொடுத்த ஃபிட்ஸ்வில்லியம் பிரபு, யார்க்ஷயரின் வெஸ்ட் ரைடிங் பகுதி லார்ட் லெப்டினன்ட் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். இன்று அலங்காரப் பதவி என்று நாம் கடந்து போவது, ஒரு காலத்தில் பறிக்கத் தக்க அளவுக்குக் கனமான பதவியாக இருந்தது.

அந்த அதிகாரம் எப்போது போனது?

பெரும்பகுதி 1871இல். அந்த ஆண்டில் வந்த சட்டம் கவுண்டிப் படைகளை லார்ட் லெப்டினன்ட்டுகளின் பிடியிலிருந்து எடுத்துப் போர்த்துறையிடம் கொடுத்தது. கவுண்டியின் உடல் வலுவுள்ள ஆண்களை ஆபத்துக் காலத்தில் போருக்கு அழைக்கும் உரிமை பெயரளவில் எஞ்சியிருந்தது; 1921இல் அதுவும் நீங்கியது. இன்றும் சேமப் படையினரின் கவுண்டிச் சங்கங்களோடு இவர்களுக்குத் தொடர்பு இருப்பதும், சீருடை படைத்தளபதியின் சீருடையை ஒத்திருப்பதும், அந்தப் பழைய வேலையின் மிச்சங்கள்.

தமிழ்நாட்டு வரலாற்றோடு இந்தப் பதவிக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, நாம் எதிர்பார்ப்பதைவிட நெருக்கமாகவே. 1751இல் ஆற்காட்டு முற்றுகையால் பெயர் பெற்ற ராபர்ட் கிளைவ், இந்தியாவில் சேர்த்த செல்வத்தோடு ஊர் திரும்பிய பின், 1772இல் தன் சொந்தக் கவுண்டியான ஷ்ரோப்ஷயரின் லார்ட் லெப்டினன்ட் ஆனார். இந்தியாவில் அவர் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி நாடாளுமன்றம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. 1774இல் அவர் இறந்ததும், அடுத்த ஆண்டு அதே பதவி மகன் எட்வர்ட் கிளைவுக்குப் போனது.

எட்வர்ட் கிளைவ் 1798இல் அந்தப் பதவியை விட்டுவிட்டுச் சென்னை மாகாண ஆளுநராகக் கப்பலேறினார். கயத்தாற்றில் 1799 அக்டோபரில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டபோதும், திருப்பத்தூரில் 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டபோதும் கோட்டையில் ஆளுநராக இருந்தவர் இவரே. கர்நாடக நவாபின் ஆட்சி உரிமையைக் கம்பெனி பறித்துக்கொண்டதும் இவர் காலத்தில்தான். திப்புவை வென்ற நினைவாக அண்ணா சாலையை ஒட்டி அவர் கட்டிய விருந்து மண்டபமே இன்றைய ராஜாஜி மண்டபம்; அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி ஆகியோரின் உடல்களுக்கு மக்கள் வரிசையில் நின்று அஞ்சலி செலுத்திய அதே படிக்கட்டு.

1803இல் சென்னையிலிருந்து புறப்பட்ட எட்வர்ட் கிளைவ், 1804இல் மீண்டும் ஷ்ரோப்ஷயரின் லார்ட் லெப்டினன்ட் ஆகி, 1839இல் இறக்கும்வரை அதில் இருந்தார். ஒரு மாகாணத்தையே ஆண்டவர் ஊர் திரும்பிக் கவுண்டிப் பதவியை விரும்பி ஏற்றார் என்பதிலிருந்து, அந்தக் காலத்தில் அதற்கு இருந்த மதிப்பை அளந்துகொள்ளலாம்.

அப்படியானால் அயர்லாந்தின் லார்ட் லெப்டினன்ட் என்று படித்திருக்கிறோமே, அவரும் இவர்தானா?

இல்லை. அது முழு அயர்லாந்தையும் ஆண்ட அரசப் பிரதிநிதியின் பட்டம். இந்தியாவின் வைஸ்ராயைப் போன்றது, 1922இல் முடிந்துபோனது. திப்புவின் இரு மகன்களைப் பிணையாகப் பெற்ற காரன்வாலிஸ், பிறகு 1798இல் வகித்தது அந்தப் பதவி. பெயர் ஒன்று, வேலை வேறு.

மாவட்ட ஆட்சியர், அரசாங்க அதிபர், மாநில ஆளுநர் ஆகியோரில் யாரோடு இவரை ஒப்பிடலாம்?

யாரோடும் ஒப்பிட முடியாது என்பதுதான் நேர்மையான பதில். தமிழ்நாட்டின் மாவட்ட ஆட்சியரும் இலங்கையின் அரசாங்க அதிபரும் நிர்வாக அதிகாரிகள். பட்டா, நிவாரணம், தேர்தல் என்று அவர்கள் மேசையில் கோப்புகள் குவிந்திருக்கும். மாநில ஆளுநருக்கு மசோதாக்களில் கையெழுத்திடும் பொறுப்பு இருப்பதால் அரசியல் சச்சரவுகள் அவரைத் தேடி வருகின்றன. லார்ட் லெப்டினன்ட்டிடம் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் கோப்பு எதுவும் இல்லை. 'மனு கொடுக்கலாமா' என்று கேட்பவர்களுக்கு: கொடுத்துப் பயனில்லை, உங்கள் கவுன்சிலரையோ நாடாளுமன்ற உறுப்பினரையோ பாருங்கள்.

எப்படி நியமிக்கப்படுகிறார்? சம்பளம் உண்டா?

பிரதமரின் பரிந்துரையின் பேரில் மன்னர் நியமிக்கிறார். அதற்கு முன் அந்தக் கவுண்டியில் பொதுவாழ்வில் இருப்பவர்களிடம் கருத்துக் கேட்கப்படுகிறது. விண்ணப்பம் போட்டுப் பெறும் வேலை அல்ல. லங்காஷயர், பெரு மான்செஸ்டர், மெர்சிசைட் ஆகிய மூன்றிலும் நியமனம் சற்றே மாறுபடும்: அங்கே மன்னர் லங்காஸ்டர் கோமகன் என்ற தகுதியில் நியமிக்கிறார். சம்பளம் கிடையாது, பயணம் போன்ற செலவுகளை ஈடு செய்துகொள்ளலாம். 75 வயதில் ஓய்வு பெற வேண்டும். பதவியில் இருக்கும்வரை கட்சி அரசியலில் ஈடுபடக் கூடாது.

சம்பளமில்லாத பதவி என்பது கேட்க உயர்வாக இருக்கிறது. ஆனால் வாரத்தில் பல நாள்களை இலவசமாகக் கொடுக்கக் கூடியவர்கள் யார் என்று யோசித்தால், வசதி படைத்தவர்களும் ஓய்வு பெற்றவர்களுமே இதற்கு வர முடியும் என்ற உண்மையும் புலப்படும். நெடுங்காலம் நிலப்பிரபுக் குடும்பங்களுக்குள்ளேயே இது சுற்றிவந்ததற்கு இதுவும் ஒரு காரணம். முதல் பெண் லார்ட் லெப்டினன்ட்டாக நார்ஃபோக் கோமகள் லவினியா வெஸ்ட் சசெக்ஸில் பதவியேற்றது 1975இல்தான். பெரு இலண்டனுக்குக் கென் ஒலிசா 2015இலும், பிரிஸ்டலுக்குப் பீச்சஸ் கோல்டிங் 2017இலும் வந்தபோது கறுப்பினத்தவருக்கும் கதவு திறந்தது.

அவருடைய அன்றாட வேலை எப்படி இருக்கும்?

அரசர் குடும்பத்தினரின் வருகைதான் வெளியில் தெரியும் வேலை. ஒரு மணி நேர வருகைக்குப் பின்னால் வாரக்கணக்கான ஏற்பாடு இருக்கும்: எந்த வாசல், யார் யார் வரிசையில், யாருக்கு எத்தனை நிமிடம், சக்கர நாற்காலியில் இருப்பவர் எங்கே. வந்தவர் காரிலிருந்து இறங்கியதும் முதலில் கைகொடுப்பவர் லார்ட் லெப்டினன்ட்.

வெளியில் அதிகம் தெரியாத வேலை ஒன்றும் உண்டு. ஆண்டுக்கு இருமுறை அறிவிக்கப்படும் அரச விருதுகளுக்கு வரும் பரிந்துரைகளைப் பற்றி, அந்த நபர் உண்மையில் ஊரில் என்ன செய்தார் என்று கவுண்டி அளவில் விசாரித்துக் கருத்துச் சொல்லும் பொறுப்பு இவர்களுக்கு இருக்கிறது. பக்கிங்காம் அரண்மனைத் தோட்ட விருந்துக்கு ஊரிலிருந்து யாரை அழைக்கலாம் என்ற பெயர்களையும் தருகிறார்கள். நவம்பரில் போர்நினைவு ஞாயிறன்று நினைவுத் தூணில் மன்னரின் சார்பில் முதல் மலர் வளையத்தை வைப்பவரும் பெரும்பாலும் இவர்தான்.

பதக்கம் வழங்குவது அரண்மனையில் அல்லவா நடக்கும்?

எம்பிஈ, ஓபிஈ போன்ற அரச விருதுகள் அரண்மனையில் வழங்கப்படுகின்றன. பிரித்தானியப் பேரரசுப் பதக்கம் மட்டும் கவுண்டியிலேயே லார்ட் லெப்டினன்ட்டின் கையால் வழங்கப்படும். 1993இல் ஜான் மேஜர் அரசு நிறுத்திய இந்தப் பதக்கம் 2012இல் மீண்டும் வந்தது. முப்பது ஆண்டு உணவு வங்கி நடத்தியவர், பள்ளி வாசலில் பிள்ளைகளைச் சாலை கடக்க வைத்தவர் போன்றவர்களுக்கு உரியது.

இந்த விழாக்கள் பார்க்கத் தக்கவை. நகர மன்றத்தின் ஒரு கூடம், முப்பது நாற்பது நாற்காலிகள், பின் மேசையில் தேநீரும் கேக்கும். லார்ட் லெப்டினன்ட் உள்ளே வரும்போது எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். ஒருவர் விருது பெறுபவரின் சேவையை உரக்கப் படிக்கிறார். படிக்கப் படிக்க அந்த முதியவர் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார், பேரப்பிள்ளைகள் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு இளஞ்சிவப்பு நாடாவில், ஓரங்களில் முத்துச் சாம்பல் கரையோடு தொங்கும் வெள்ளிப் பதக்கம் உடையில் மாட்டப்படுகிறது. அரண்மனை விழாவில் ஒருவருக்கு ஒரு நிமிடம் கிடைத்தால் பெரிது. இங்கே தேநீர் ஆறும்வரை நின்று பேசலாம். அரண்மனைக்குப் போகவில்லையே என்ற குறை வேண்டாம், தோட்ட விருந்துக்கும் அழைப்பு வரும்.

குடியுரிமை விழாவில் அவர் ஏன் வருகிறார்?

2004 பிப்ரவரியில் இலண்டனின் பிரென்ட் பகுதியில் முதல் குடியுரிமை விழா நடந்தது. இன்றைய மன்னர், அன்றைய இளவரசர் சார்லஸ், அதில் கலந்துகொண்டார். அதற்கு முன் குடியுரிமைச் சான்றிதழ் தபாலில் வந்து விழும். இப்போது 18 வயதைக் கடந்தவர்கள் அழைப்பு வந்து 3 மாதங்களுக்குள் விழாவில் கலந்துகொண்டு, மன்னருக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதி சொல்ல வேண்டும். இந்த உறுதிமொழி யாருக்குச் சொல்லப்படுகிறதோ அவருடைய பிரதிநிதி எதிரில் நிற்பது பொருத்தம் என்பதால்தான் லார்ட் லெப்டினன்ட்டோ துணை லெப்டினன்ட்டோ வருகிறார்.

கடவுளின் பெயரால் சத்தியம் செய்யலாம், அல்லது கடவுள் பெயர் சொல்லாமல் உறுதி கூறலாம், உங்கள் விருப்பம். இரண்டு குழுவாக நிற்க வைத்து வாக்கியம் வாக்கியமாகச் சொல்லித் தருவார்கள், திரும்பச் சொன்னால் போதும். போர் துரத்தி ஊரைவிட்டு வந்து, பல ஆண்டுகள் விசா அலுவலகங்களின் வரிசைகளில் நின்றவர்களுக்கு, அதிகாரப் பதவியில் இருப்பதாகத் தோன்றும் ஒருவர் கைகுலுக்கி 'வருக' என்று சொல்லும் முதல் தருணம் இதுவாக இருக்கக்கூடும். சிலர் பட்டுச்சேலையிலும் வேட்டியிலும் வருகிறார்கள். அதற்குத் தடையேதும் இல்லை.

எங்கள் தமிழ்ப் பள்ளி அல்லது சங்கம் மன்னரின் விருது பெற முடியுமா?

தன்னார்வச் சேவைக்கான மன்னர் விருது என்ற ஒன்று உண்டு. 2002இல் இரண்டாம் எலிசபெத் அரசியின் பொன்விழா ஆண்டில் தொடங்கியது. குழுக்களுக்கான எம்பிஈ என்று அதைச் சொல்வார்கள். குழு குறைந்தது 3 ஆண்டுகள் இயங்கியிருக்க வேண்டும், அதன் வேலையைப் பெரும்பாலும் தன்னார்வலர்களே செய்ய வேண்டும், பலன் ஊர் மக்களுக்குப் போக வேண்டும். உங்களை நீங்களே பரிந்துரைக்க முடியாது. குழுவில் உறுப்பினராகவோ அறங்காவலராகவோ இல்லாத, ஆனால் உங்கள் பணியை அறிந்த ஒருவர் பரிந்துரைக்க வேண்டும். ஆதரவுக் கடிதங்கள் இரண்டும் தேவை.

பரிந்துரை வந்ததும் கவுண்டியின் துணை லெப்டினன்ட் ஒருவர் நேரில் வந்து பார்ப்பார். சங்கங்கள் பல இடறி விழுவது இங்கேதான். ஆண்டு விழா மேடையையும் நிழற்படத் தொகுப்பையும் காட்டுவதைவிட, சாதாரணமான ஒரு சனிக்கிழமை வகுப்பைக் காட்டுவதே நல்லது: எத்தனை ஆசிரியர்கள், எத்தனை மணி நேரம், வராத குழந்தையை யார் விசாரிக்கிறார்கள், தமிழரல்லாத அக்கம்பக்கத்தாருக்கு இதனால் என்ன நன்மை. பணப்பரிசு கிடையாது. மன்னரின் கையொப்பமிட்ட சான்றிதழும் ஒரு படிகக் குமிழும் கிடைக்கும். அவற்றைக் கொண்டுவந்து கொடுப்பவர் லார்ட் லெப்டினன்ட்.

எங்கள் நிகழ்ச்சிக்கு அவரை அழைக்கலாமா? எப்படி விளிப்பது?

அழைக்கலாம். ஒவ்வொரு கவுண்டியிலும் லெப்டினன்சி அலுவலகம் ஒன்று இருக்கிறது. சில மாதங்கள் முன்னதாக எழுதுங்கள். நிகழ்ச்சி என்ன, எங்கே, எத்தனை பேர், அவர் எதற்காக வர வேண்டும் என்பவற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கட்சிக் கூட்டத்துக்கும் வியாபார விளம்பரத்துக்கும் வர மாட்டார். அவரால் முடியாதபோது துணை லெப்டினன்ட் வந்தால் அதைக் குறைவாக எண்ண வேண்டாம்.

கடிதத்தின் தொடக்கத்திலும் மேடைப் பேச்சின் தொடக்கத்திலும் 'லார்ட் லெப்டினன்ட்' என்று விளித்தால் சரியாக இருக்கும். ஆங்கிலத்தில் 'லெஃப்டெனன்ட்' என்று உச்சரிப்பார்கள். 'மை லார்ட்' என்பது தேவையில்லை. மன்னரின் பிரதிநிதியாக வரும்போது அவர் கடைசியில் வந்து முதலில் புறப்படுவது முறை. நம் விழாக்கள் அறிவித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கும் வழக்கம் இந்த ஒரு நாளுக்காவது ஓய்வெடுக்க வேண்டும், ஏனென்றால் அவர் குறித்த நிமிடத்தில் வாசலில் நிற்பார். மாலை, பொன்னாடை அணிவிக்க விரும்பினால் அலுவலகத்திடம் முன்பே சொல்லிவிடுங்கள். குத்துவிளக்கேற்றச் சொல்வதென்றால், அது என்ன, எந்தத் திரியை எப்படி ஏற்ற வேண்டும் என்று ஒருவர் பக்கத்தில் நின்று சொன்னால் விருந்தினருக்குச் சங்கடம் இராது.

மேயர், ஹை ஷெரீஃப், லார்ட் லெப்டினன்ட்: மூவரில் யார் முதலில்?

மன்னரின் பிரதிநிதி என்பதால் லார்ட் லெப்டினன்ட். ஹை ஷெரீஃப் பதவி இதைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது. ஓராண்டு மட்டுமே நீடிப்பது, நீதிமன்றங்களோடும் சட்டம் ஒழுங்கோடும் தொடர்புடையது. அதற்குரியவரை மன்னர் பெயர்ப் பட்டியலில் வெள்ளி ஊசியால் குத்தித் தேர்வு செய்யும் வழக்கம் இன்றும் இருக்கிறது. சென்னையிலும் ஒரு காலத்தில் ஷெரீஃப் இருந்தார் என்பது பழைய தலைமுறைக்கு நினைவிருக்கும். இரண்டாம் எலிசபெத் மறைந்தபின், 2022 செப்டம்பர் 11 அன்று கவுண்டிகளில் புதிய மன்னரின் பெயரை உரக்க வாசித்து அறிவித்தவர்கள் ஷெரீஃபுகள்தான். மேயர் உள்ளாட்சி மன்றத்தின் ஆள்.

சீருடையும் கொடியும் எப்படி இருக்கும்?

ஆண்கள் கருநீலச் சீருடை அணிவார்கள்: வெள்ளிச் சரிகை வேலை, கால்சட்டையில் சிவப்புப் பட்டை, இடுப்பில் வாள். பெண்கள் வழக்கமான உடையில், செந்நீலமும் வெள்ளையும் கலந்த நாடாவில் தொங்கும் சின்னத்தை அணிவது மரபு. எல்லா நிகழ்ச்சிக்கும் சீருடை கிடையாது. சாதாரண கோட்டும் சின்னமுமாக வருவதே அதிகம். அவருடைய கொடி, யூனியன் கொடியின் நடுவே கிடையாக ஒரு வாளும் அதன்மேல் கிரீடமும் பொறித்தது. ஸ்காட்லாந்தில், அந்நாட்டின் அரசக் கொடியான சிங்கக் கொடியைப் பயன்படுத்தும் உரிமை அவர்களுக்கு உண்டு.

துணை லெப்டினன்ட்டுகள் யார்?

லார்ட் லெப்டினன்ட் தெரிவு செய்யும் உதவியாளர்கள். மன்னர் மறுப்புச் சொல்லாவிட்டால் நியமனம் உறுதியாகும். மக்கள்தொகையைப் பொறுத்து எண்ணிக்கை கூடும் குறையும். கவுண்டிக்குள்ளோ அதன் எல்லையிலிருந்து 7 மைலுக்குள்ளோ வீடு இருக்க வேண்டும், 75 வயதில் ஓய்வு. அவர்களில் ஒருவர் லார்ட் லெப்டினன்ட் இல்லாதபோது அவருக்குப் பதிலாக இயங்குவார். இளைஞர் படைப்பிரிவுகளிலிருந்து ஆண்டுதோறும் சில கேடட்டுகளும் தெரிவாகி, விழாக்களில் அவர் பக்கத்தில் நிற்பார்கள். பிள்ளைகள் கேடட் பிரிவில் இருக்கும் தமிழ்ப் பெற்றோர் இதைக் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

அதிகாரமே இல்லாத பதவி எதற்கு என்று கேட்டால்?

நியாயமான கேள்வி. முடியாட்சியே வேண்டாம் என்பவர்களுக்கு இந்தப் பதவியும் வேண்டாததுதான். அந்த வாதம் இந்தப் பக்கத்துக்கு வெளியே இருக்கிறது. எங்கள் கருத்து இது: லார்ட் லெப்டினன்ட்டிடம் கேட்டுப் பெற ஒன்றுமில்லை என்பதால்தான் அவர் எல்லா வாசல்களுக்கும் போக முடிகிறது. அமைச்சர் கோயிலுக்கு வந்தால் வாக்குக்காக வந்தார் என்போம்; கவுன்சிலர் வந்தால் அடுத்த தேர்தலை எண்ணிப் பார்ப்போம். இவர் வந்தால், முதியோர் மன்றத்தில் இருபது ஆண்டுகளாகச் சோறு பரிமாறிய அம்மாவைப் பார்க்க வந்தார் என்று மட்டுமே கொள்ள முடியும். இதற்கு வாளும் சரிகையும் வேண்டுமா என்றால், வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் படம் எடுத்துக்கொள்ள வரிசையில் நிற்பவர்கள் வேறு மாதிரி நினைக்கிறார்கள்.

எங்கள் பாட்டிக்கு 100 வயது ஆகிறது. மன்னரின் வாழ்த்து கிடைக்குமா?

கிடைக்கும். 100ஆம், 105ஆம் பிறந்த நாள்களுக்கும் அதன்பின் ஒவ்வோர் ஆண்டும், திருமணத்தின் 60ஆம், 65ஆம், 70ஆம் ஆண்டு நிறைவுகளுக்கும் அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் அரண்மனையிலிருந்து வாழ்த்து மடல் வரும். மடலை அனுப்புவது அரண்மனையின் தனி அலுவலகம், லார்ட் லெப்டினன்ட் அல்ல. எனினும் சில கவுண்டிகளில் அவரோ துணைவரோ வீட்டுக்கே வந்து வாழ்த்துவதுண்டு, லெப்டினன்சி அலுவலகத்தைக் கேட்டுப் பாருங்கள். திருமண நிறைவுக்குக் குடும்பத்தார்தான் விண்ணப்பிக்க வேண்டும், திருமணச் சான்றிதழின் நகலும் வேண்டும். ஊரில் தாலி கட்டியதோடு சரி, பதிவு செய்தது பிறகு எப்போதோ என்ற நிலையில் இருப்பவர்கள், சான்றிதழில் எந்தத் தேதி இருக்கிறது என்று இப்போதே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.